பத்மாசனத்துக்குப் பத்து மார்க்ஸ்

உங்கட தொடை எலும்பு இடுப்புக்குள்ள எப்பிடிப் பூட்டிக்கிடக்கு எண்டு உங்களுக்குத் தெரியுமா?

தெரியாதா? எனக்கும் தெரியாது... போன மாசம் வரைக்கும். இப்ப அதுக்கு டொக்டர் கடிதமே வைச்சிருக்கிறன்.

வெள்ளவத்தையில எங்கட ஃப்ளாட்ஸுக்குக் கீழ ஒரு ஹோல். காலமை ஆறு மணிக்கு யோகா கிளாஸ். கம்ப்யூட்டருக்கு முன்னால இருந்து இருந்து முதுகு நோகுது எண்டு நானும் போனனான். போனாப்பிறகுதான் விளங்கினது — எங்கட சனத்திட்ட எதைக் குடுத்தாலும் டியூஷன் ஆக்கிப்போடும்!

மாஸ்டர் ஒரு ரிட்டயர்ட் கணக்கு வாத்தியார். சுவரில சார்ட். பேர், ஆசனம், மார்க்ஸ். பத்மாசனம் வந்தால் பத்து, வராட்டி முட்டை. சத்தியமா!

ஃபர்ஸ்ட் ஆர்? மூண்டாம் மாடி ராணி அன்ரி. அம்பத்தெட்டு வயசு. ரெண்டு காலையும் தூக்கித் தொடைக்கு மேல வைச்சிட்டு, கனடா மகளின்ர கதையைக் கதைச்சுக்கொண்டிருப்பா. நான் இருவத்திநாலு, டிகிரி ஹோல்டர். என்ர முழங்கால் ரெண்டும் சீலிங்கைப் பாத்துக்கொண்டு நிக்குது.

"என்ன தம்பி, கம்பஸில உது படிப்பிக்கேல்லையோ?" எண்டா அன்ரி.

ரோஷம் வராதா?

மாஸ்டர் வந்து முழங்காலில கையை வைச்சு அமத்தினார். "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... முயற்சி காணாது!"

"சேர், நோகுது."

"நொந்தால்தானே வேலை செய்யுது எண்டு அர்த்தம்!"

டிக் எண்டு ஒரு சத்தம். பத்து மார்க்ஸ்! பின்னேரத்துக்குள்ள முழங்கால் தேங்காய் சைஸ்.

சரி, நொண்டினா என்ன எண்டு கேப்பீங்கள். வேற ஊரில ஒண்டுமில்லைதான். இங்க, இந்தச் சண்டைக் காலத்தில? தமிழ்ப் பெடியன், ஐசி அடையாள அட்டையில பிறந்த இடம் யாழ்ப்பாணம், காலி வீதியில நொண்டி நொண்டி வாறான்... எங்கயோ சண்டையில வாங்கின காயம் எண்டு நினைப்பினமா, யோகா எண்டு நினைப்பினமா?

அடுத்தநாள் காலமை செக்பொயின்ட். ஆமிக்காரன் ஐசியைப் பாத்தான். காலைப் பாத்தான். திரும்ப ஐசியைப் பாத்தான்.

"கக்குலட்ட மொகத வுணே?" காலுக்கு என்ன நடந்ததாம்.

"யோகா" எண்டன். என்ர காதுக்கே அது பொய் மாதிரிக் கேட்டுது.

ட்ரௌசரைச் சுருட்டச் சொன்னான். தழும்பு தேடினான். தழும்பு இல்லை, வீக்கம் இருக்கு. "ஹரி, கரலா பென்னண்ட." செய்து காட்டட்டாம்! நடைபாதையில, மண்மூட்டைக்குப் பக்கத்தில. பத்து மார்க்ஸ் எடுத்த மகாராசனுக்குக் கீழ குந்தவே ஏலாது.

பின்னால ஜீப் ஒண்டு நிக்குது. ஏத்தினா எங்க கொண்டுபோவாங்கள், எப்ப விடுவாங்கள்... ஆருக்குத் தெரியும்? பகிடி எல்லாம் அந்த இடத்தில நிண்டுட்டுது.

அப்பதான் மரக்கறிப் பையோட வந்தா ராணி அன்ரி. ஒரு கேள்வி கேக்கேல்லை. பையைக் கீழ வைச்சா. சாறியைச் செருகினா. நடைபாதையில கீழ இருந்துகொண்டு ரெண்டு காலையும் தொடைக்கு மேல வைச்சா.

"மே வகே, மாத்தயா! மெயாட்ட பே!" இப்பிடித்தான் செய்யவேணும், இவனுக்கு ஏலாது எண்டு சிங்களத்தில விளக்கம் வேற!

ஆமிக்காரனுக்குச் சிரிப்பை அடக்க ஏலேல்லை. ஐசி கைக்கு வந்துட்டுது. "யண்ட, யண்ட." போகட்டாம்.

"அன்ரி, தாங்க்ஸ்..."

"தாங்க்ஸை விடு. உசுப்பிவிட்டது நான்தானே. வா, டொக்டரிட்டப் போவம்."

கொட்டாஞ்சேனையில அன்ரிக்குத் தெரிஞ்ச எலும்பு டொக்டர். எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாத்தார்.

"இடுப்புக் குழி ஆளுக்காள் வேற. அன்ரிக்குக் கால் நல்லா வெளிய திரும்பும். உமக்குக் குழி ஆழம், அந்தளவு திரும்பாது. இடுப்பு திரும்பாட்டி முறுக்கு முழுக்க முழங்காலுக்குத்தான். தொடை இழுபட்டா பரவாயில்லை, முழங்கால் நொந்தா உடன நிப்பாட்டும். தலகாணிக்கு மேல இருந்து சும்மா சம்மாணி கட்டும். அதுவும் ஏலாட்டிக் கதிரையில இரும்."

"பிராக்டிஸ் பண்ணினா வராதா, டொக்டர்?"

"எலும்புக்கு டியூஷன் குடுக்கேலாது, மகன்."

பிறகு நான் கேக்காமலே கடிதம் எழுதினார். இங்கிலிஷில ஒருக்கா, சிங்களத்தில ஒருக்கா. இவர் நொண்டுறது யோகாவால எண்டு, கீழ சீல் அடிச்சு.

ஆமிக்காரன் பிறந்த ஊரைப் பாத்து ஆளை முடிவெடுக்கிறான். மாஸ்டர் ஆளைப் பாக்காமலே முழங்காலை முடிவெடுக்கிறார். நடுவில நொண்டுறது நான்!

அடுத்த கிளாஸில அன்ரி சார்ட்டைக் கழட்டினா.

"அது ஒரு ஒழுங்குக்குத்தானே..." எண்டு இழுத்தார் மாஸ்டர்.

"உங்கட ஒழுங்குக்கு நான் நடுரோட்டில பத்மாசனம் போட்டனான், சேர்!"

மாஸ்டர் சார்ட்டை வாங்கிச் சுருட்டி வைச்சார். இப்ப பாதி கிளாஸ் தலகாணியோட வருது. எனக்குக் கதிரை. முதுகு நோவும் குறைஞ்சிட்டுது, பாருங்கோ.

முழங்கால் வீக்கம் வத்திட்டுது, செக்பொயின்ட் இன்னும் அங்கதான் நிக்குது. கடிதம் இப்ப லெமினேட் பண்ற கடையில கிடக்கு.