சமையலறையில் ஒரு வட்டம்

இது நடந்தது. எங்களுடையது பாத்திரக் கடைக் குடும்பம். நாங்கள் எது சொன்னாலும் பாதியைக் கழித்துவிட்டுத்தான் ஊர் கேட்கும். இதில் மட்டும் கழிக்காதீர்கள்.

1994, ஐப்பசி மழை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடியில், பிளான் போடும் எங்கள் ஆபீஸ். வண்டலூர்ப் பக்கம் வரிசை வீடுகளுக்கு ஆர்டர். கம்ப்யூட்டரில் ஒரு வீட்டை வரைந்து 'பிளாக்'காகச் சேமித்துவிட்டால், ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி குத்திக்கொண்டே போகலாம். மூலத்தில் ஒரு ஜன்னலை நகர்த்தினால் எல்லா வீட்டிலும் நகரும். ஒரு வீட்டில் மட்டும் தனியாக எதுவும் மாறாது. மாற முடியாது.

கூட வேலை பார்த்த செல்வமேரி, தாலியைத் தவிர எல்லா நகையையும் விற்று, அந்த வரிசையில் மூலை வீட்டுக்குப் பணம் கட்டியிருந்தாள்.

மாலை நாலரை இருக்கும்.

"அண்ணா, என் வூட்டு கிச்சன்ல இன்னாது ரவுண்டா கீது?"

பார்த்தேன். ஒரு வட்டம். அவள் வீட்டில் மட்டும்.

"வாஷிங் மெஷினா? பெரிய வசதிதாம்மா உனக்கு!"

"வெளையாடாதீங்கண்ணா. நான் போடல. வேற வூடு மாத்தித் தர மாட்டாங்க... எடுத்துடுங்க அத."

அந்த வீட்டையே அழித்தேன். பக்கத்து வீட்டை நகலெடுத்து அங்கே வைத்தேன். வட்டம் இருந்தது. மறுபடியும் அழித்து வைத்தேன். இருந்தது... சற்றுப் பெரிதாக.

கடைசி வித்தை ஒன்று. அவள் வீட்டை மட்டும் கோடு கோடாக உடைத்தேன். வட்டத்தை அழித்தேன். போய்விட்டது! அந்தச் சுத்தமான வீட்டையே பழைய பெயரில் பிளாக்காகச் சேமித்தேன். இனி எல்லா வீடும் இதைப் போலத்தான் வரவேண்டும்.

திரை ஒருமுறை இருண்டது.

முதல் வீடு. வட்டம்.

அடுத்தது. வட்டம்.

அடுத்தது...

அவள் வீடு மட்டும் சுத்தம்.

பிளானைத் தாளில் வரையும் பிளாட்டர், யாரும் தொடாமலே உறுமியது. அதன் பேனா தாளில் சுற்றியது. ஒரே இடத்தில்... சுற்றி... சுற்றி...

'ளொடக்.'

வாளி தண்ணீரில் விழும் சத்தம்.

கரண்ட் போனது.

பேனா நிற்கவில்லை.

பழைய ஃப்ளாப்பியில் இருந்த பிளானைக் கொடுத்து ஒப்பேற்றினோம். வீடுகள் எழும்பின. நிலத்தை விற்ற சம்பத்திடம் பிறகு விசாரித்தேன். செல்வமேரி வீட்டு மூலையில் முன்பு கிணறு இருந்ததாம். தூர்த்துவிட்டார்களாம்.

"ஏன் தூர்த்தீங்க?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு சார்..." வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

குடிவந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே புகார். சமையலறைத் தரைக்கு அடியில் ராட்டினம் கிறீச்சிடுகிறது.

செல்வமேரியைக் கேட்டேன்.

"எங்க வூட்ல சத்தமே இல்லண்ணா," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "காலைல எந்திரிச்சா... குடமெல்லாம் ரொம்பிக் கீது."