மயில் போட்ட கப்பு

டிவியில் மறைந்த தலைவருக்கு அஞ்சலி ஓடுகிறது. "கொள்கை மாறாதவர்" என்கிறார்கள். என் கையிலிருக்கும் டீ கப்பில் நீல மயில். அவர் விட்டு விலகிய கட்சியின் சின்னம்.

விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் வேலைபார்த்த அப்பா, அந்தத் தலைவரின் முதல் தேர்தலுக்காகக் கப்புகளில் மயில் வரைந்து சுட்டார். ஓட்டுக் கேட்டு வந்தவருக்கு நான்தான் அதில் டீ கொடுத்தேன். "சாவுற வரைக்கும் இந்த மயிலுதாண்ணே" என்று அப்பாவின் தோளில் கைபோட்டார்.

ஜெயித்ததும் கட்சி மாறினார். சட்டமன்றத்தில் புதுக் கட்சிக்குத் தலைவரும் ஆனார். ஊர்ச் சுவர்களில் இருந்த மயில்களை ஒரே நாளில் வெள்ளையடித்து மறைத்தார்கள். அம்மா கப்புகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள்.

"வுடு, சூளையில வெந்தது போவாது" என்ற அப்பா என் பக்கம் திரும்பினார். "அவரு குடிச்சது எதுன்னு தெரியுதா பாப்பா? அத மட்டும் ஒடச்சிடலாம்."

எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. என் கையிலிருப்பது அதுவாகவும் இருக்கலாம்.