அம்மா விரலுக்கு ஏத்த கேமரா

தெர்மாகோல் உரசும் அந்தக் கிறீச் சத்தம்... இப்போதும் எங்காவது கேட்டால் ஊட்டிக் கடையும், நனைந்த ஸ்வெட்டர் நாற்றமும் சேர்ந்தே வந்துவிடும்.

எந்த காம்பாக்ட் கேமரா வாங்கலாம் என்று நேற்று இந்தக் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். மெகாபிக்சல், ஜூம் என்று ஆளாளுக்குப் பதில் சொன்னீர்கள். எனக்கு எழுத வந்தது இதுதான்.

அப்போது குன்னூரில் ஒரு ஆபீசில் எனக்கு டைப்பிங் வேலை. அம்மா கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். இலங்கைத் தோட்டத்திலிருந்து பதினாறு வயதில் கப்பலேறி வந்தவள். அவளுடைய அக்கா, என் பெரியம்மா, அங்கேயே நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. வீட்டில் பெரியம்மாவின் படம் ஒன்றுகூடக் கிடையாது.

ஒரு வழியாக விலாசம் கிடைத்தது. அம்மாவோடு எஸ்டேட்டில் வேலை பார்த்த ஒரு வயதான புருஷனும் பெண்சாதியும் இலங்கை போவதாக இருந்தார்கள். அவர்களோடு அம்மாவும் கிளம்பினாள். எனக்கு லீவு கிடைக்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் வேணாம் புள்ள. அக்கா மொகத்த மட்டும் கொண்டாந்துட்டா போதும்" என்றாள். அதற்காகத்தான் கேமரா.

ஊட்டியில் மழையில் நனைந்துகொண்டே ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் எடுத்து வைத்த மெல்லிசான மாடல்கள் எல்லாம் அழகு. ஆனால் அம்மாவின் விரல்கள்... தேயிலைக் கறை ஏறி, காய்ப்புக் காய்த்து, நுனி மரத்துப்போனவை. அரிசி மணி சைஸ் பட்டன்களை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

"ஏனுங்க, ஆருக்குங்க கேமரா?" என்று கேட்டார். விவரம் சொன்னதும் உள்ளே போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து, தெர்மாகோல் கிறீச்சிடக் குண்டாக ஒன்றை உருவி எடுத்தார். பெரிய பட்டன். பென்சில் பேட்டரி; எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும், சார்ஜர் தேட வேண்டாம். தெரியாமல் அமுக்கிப் படத்தை அழித்துவிடக் கூடாதே என்று மற்ற பட்டன்கள் மேல் பிளாஸ்டரும் ஒட்டிக் கொடுத்தார். இதைவிடப் பொருத்தமான கேமரா உலகத்திலேயே இல்லை என்று நினைத்தேன்.

வீட்டில் ஒத்திகை நடந்தது. முட்டைக்கோஸ், நாய், வாசலில் நான்... அம்மா மண்வெட்டி பிடிப்பது போலப் பிடித்து அழுத்துவாள், எல்லாப் படமும் ஆடிப்போகும். மெதுவாக அமுக்கும்மா, கொழுந்தைத் தொடுகிற மாதிரி தொடு, பீப் சத்தம் கேட்கும் என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். கடைசியாக எடுத்த படம் ஆடாமல் விழுந்தது. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

ஊர் திரும்பிய அன்று பஸ் ஸ்டாண்டிலேயே பையைத் திறந்து கேமராவை நீட்டினாள். யார் கையிலும் கொடுக்காமல் கொண்டுவந்திருந்தாள். பிளாஸ்டரைப் பிய்த்துப் பார்த்தேன்.

முட்டைக்கோஸ். நாய். நான்.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அந்தக் கேமராவில் பட்டனைப் பாதி அமுக்கினாலே பீப் வரும். குறி பார்த்தாயிற்று என்பதற்கான சத்தம் அது. முழுதாக அமுக்கினால்தான் படம் விழும். அக்காவை அடுப்படியில், தோட்டத்து லய வீட்டு வாசலில், கோயிலடியில் நிற்க வைத்து, ஆடிவிடக் கூடாதே என்று மெல்லத் தொட்டு, பீப் கேட்டதும் விரலை எடுத்திருக்கிறாள்.

"சத்தம் வந்துச்சே புள்ள... ஒவ்வொரு வாட்டியும் வந்துச்சே..."

நான் பஸ் ஸ்டாண்டிலேயே அழுதேன்.

அடுத்த மழைக்குள் பெரியம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தை அங்கிருந்து அனுப்பினார்கள். அம்மா பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். இது யாரோ முறைக்கிறாள், அக்கா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டல்லவா நின்றாள் என்றாள்.

இப்போது என் போனில் சாம்பார் படம்கூட நாலு கிடக்கிறது. பெரியம்மாவின் பேரன் வாரம் தவறாமல் வீடியோ காலில் வருகிறான். அந்தச் சிரிப்பு மட்டும் யாரிடமும் இல்லை. அம்மாவுக்கும் ஞாபகம் தப்பிக்கொண்டே போகிறது. அக்கா முகம் எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்கிறாள். நான் பார்த்ததே இல்லையே அம்மா என்று எத்தனை தடவைதான் சொல்வது...

பேட்டரி போட்டால் அந்தக் கேமரா இன்றைக்கும் ஓடும். சில நாள் அம்மா அதைக் கேட்டு வாங்கி, என்னை ஜன்னலோரம் நிற்கச் சொல்லி, மெதுவாகத் தொடுவாள். பீப் வரும்.

"விழுந்துருச்சு" என்பாள். "இன்னும் ஒண்ணு எடுக்குறேன்... சிரிச்சுக்கிட்டே நில்லுக்கா."

நானும் சிரித்துக்கொண்டே நிற்கிறேன்.