சுருண்டுகொள்ளும் துணி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் செக்கிங் சீட்டில் பீஸ் எண்ணிக்கையும் என் கையெழுத்தும்தான். முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் வைத்திருப்பேன், சிலது மறந்தும் போயிருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மகள்தான் இந்த நோட்டை வாங்கிக் கொடுத்து, "வாயில சொல்லக் கூச்சமா இருந்தா எழுதிக் குடுங்கம்மா" என்றாள்.

நானும் வீட்டுக்காரரும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். அவர் கட்டிங் மாஸ்டர், நான் செக்கிங். பெண்களுக்கு மத்தியானச் சாப்பாடு மொட்டைமாடியில். மழை பெய்து வெறித்த நாளில் அங்கிருந்து தெற்கே பார்த்தால் மலை தெரியும். மற்றவர்கள் பேசிச் சிரிக்கும்போது நான் மலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். அங்கே போய் நாள் முழுக்க நடக்க வேண்டும் என்று ஆசை. யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு பேரும் வேலையை விட்டு நின்ற பிறகு, ஒரு நாள் அவருக்கு ரசம் ஊற்றுகிற சாக்கில் சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க, அந்த மலைக்கு ஒருக்கா நடந்து போலாமுங்களா?"

அவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "ஒரு பக்கம் ஏறி அக்கட்டால எறங்க மூணு நாள் ஆவும். சோறு தண்ணி துணிமணி எல்லாம் முதுவுல தூக்கோணும். வருசாவருசம் கூட்டமாப் போறாங்க. உன்னால ஆவுமா?"

அவர் இதையெல்லாம் முன்பே விசாரித்து வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மகள் உடனே சம்மதிக்கவில்லை. "முதல்ல உடுமலைக்குத் தெற்க இருக்கற சின்ன மலைக்கு ஒரு நாள் போய்ட்டு வாங்க. பொழுது சாயறதுக்குள்ள நல்லபடியா கீழ வந்துட்டீங்கன்னா மூணு நாள் நடைக்கு நானே பேர் குடுக்கறேன். வழி தப்பி, யாராவது தேடிட்டு வந்தாங்கன்னு கேள்விப்பட்டேன், அதோட மலைப் பேச்சே எடுக்கக் கூடாது" என்றாள்.

அவர் கெட்டித் துணியில் இரண்டு முதுகுப் பைகள் தைத்தார். அதில் அரிசியை நிரப்பிக்கொண்டு வீட்டு மாடிப்படியில் தினமும் ஏறி இறங்கினோம். எதிர்வீட்டுப் பெண் பார்த்துவிட்டு, "மூட்டை முடிச்சோட எந்த ஊருக்குங்க?" என்றாள். "மொட்டைமாடிக்குத்தானுங்க. சாயங்காலம் வந்துருவோம்" என்றார் இவர்.

எனக்கு ஒரு வெசனம், மனசுக்குள் ஒரு கவலை இருந்தது. அவருக்குச் சில மாதமாகக் கண் சரியாகத் தெரியவில்லை. பஸ் வந்தால் போர்டைப் படிக்க மாட்டார். "அதென்ன, நம்ம பஸ்ஸா வருது?" என்று சும்மா கேட்பதுபோல் என்னைக் கேட்பார். நானும் சும்மா சொல்வதுபோல் சொல்லிவிடுவேன். மகளிடம் சொன்னால் மலை போய்விடும். அதனால் சொல்லவில்லை. அது தப்புதான். அதற்குப் பதிலாக, பழைய ஆர்டரில் மிஞ்சிய சிவப்பு பனியன் வேஸ்ட் துணியை நாடா நாடாவாகக் கத்தரித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

விடிந்ததும் பஸ் ஏறி, உடுமலையில் வேறு பஸ் மாறி, கரண்ட் எடுக்கும் பெரிய காற்றாடிகளைத் தாண்டி அடிவாரத்தில் இறங்கினோம். உச்சியில் வேல் நட்ட சின்னக் கோயில். ஏற எட்டு கிலோமீட்டர், இறங்க எட்டு என்று டீக்கடைக்காரர் சொன்னார். முதல் மேட்டிலேயே எனக்குத் தொடை நடுங்கியது. பிறகு கால் பழகிவிட்டது. அவர் முன்னால், நான் பின்னால். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் நடக்கிறோம்.

பாதை பிரிகிற இடத்திலெல்லாம் நாங்கள் ஏறி வந்த பக்கத்துச் செடியில் ஒரு நாடாவைக் கட்டினேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டார்.

"ஏம் புள்ள, மலைக்குச் சடை பின்னி ரிப்பன் கட்டறயா?"

"இருக்கட்டுமுங்க. எறங்கறப்ப வேணுமுங்க."

"நான் இருக்கறப்ப வழி எங்க போயிரும்?"

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் நேர்மேலே நின்றது. வேலுக்குக் கற்பூரம் காட்டிவிட்டு அரிசிம்பருப்புச் சோறு சாப்பிட்டோம். வடக்கே எல்லாம் சமதரையாகத் தெரிந்தது. தென்னந்தோப்பு, காற்றாடி, அதற்கப்பால் புகைபோல ஒன்றும் தெரியாத இடம். அந்தப் பக்கத்தில்தான் எங்கள் கம்பெனி மாடி இருக்க வேண்டும். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர், "வயிறு முட்ட எச்சாத் தின்னுட்டேன், தூக்கம் வருது" என்று பையைத் தலைக்கு வைத்துக் கொஞ்ச நேரம் படுத்தார்.

இறங்கத் தொடங்கியதும் மேகம் இறங்கிவிட்டது. இருபதடிக்கு அப்பால் எல்லாம் வெள்ளை. மேலே இருந்த இரண்டு நாடாக்களும் சரியாகக் கிடைத்தன. மூன்றாவது பிரிவில் வந்து நின்றோம். இடது பக்கம் ஒரு புதரில் சிவப்பு நாடா. வலது பக்கம் ஊஞ்சமரத்துக் கிளையிலும் சிவப்பு நாடா.

"ஒரே எடத்துல ரெண்டு கட்டுனயா?" என்றார்.

"இல்லீங்க. ஒண்ணுதானுங்க கட்டுனேன்."

"அப்ப இதுதான்" என்று புதரைக் காட்டிவிட்டு இடது பக்கம் நடந்தார். அந்தப் பக்கம் சரிவு. கீழே பள்ளம் எவ்வளவு என்று மேகத்தில் தெரியவில்லை. பொழுதும் இறங்கிக்கொண்டிருந்தது.

நான் அவர் பின்னால் போகவில்லை. ஏன் என்று அந்த நிமிடம் யோசிக்கவில்லை. புதரில் இருந்ததைத் தொட்டுப் பார்த்தேன். ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கியது. ஊஞ்சமரத்தில் இருந்ததைத் தொட்டேன். அது கயிறுபோலச் சுருண்டிருந்தது. பனியன் துணியை, கம்பெனியில் சிங்கிள் ஜெர்சி என்போம், வெட்டி இழுத்தால் இரண்டு ஓரமும் சுருண்டு குழாயாகிவிடும். நூல் பிரியாது. இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

"ஏனுங்க, அது நம்முதில்லீங்க."

"செவப்புன்னா செவப்புதான் புள்ள. வா, இருட்டறதுக்குள்ள போவோணும்."

"நான் வரலீங்க."

அவரிடம் நான் அப்படிச் சொன்னதே இல்லை. அவர் நின்றார். பிறகு ஒவ்வொரு அடியாகத் திரும்பி வந்தார். அவர் கையைப் பிடித்து முதலில் புதர்த் துணியில் வைத்தேன், பிறகு மரத்தில் இருந்ததில் வைத்தேன். கட்டிங் மேசையில் துணியை நீவிப் பார்ப்பதுபோல் விரலால் நீவினார்.

"ஆமா. இது பனியன்" என்றார். மறுபடியும் நீவிவிட்டு, "இந்தச் சனியன் சுருளுதுன்னு எத்தன நாள் திட்டியிருப்பேன்" என்றார். வலது பக்கம் கை காட்டி, "நீ முன்னால போ" என்றார்.

நான் முன்னால் நடந்தேன். அடுத்த நாடா வரும்வரைக்கும் எனக்கு உயிரில்லை. அது வந்தது. அங்கே ஒரு வடக்கத்திப் பையனும் பெண்ணும் நின்றிருந்தார்கள், புதுசாகக் கல்யாணமானவர்கள் போல. அந்தப் பெண் தன் சிவப்புத் துப்பட்டாவின் ஓரத்தைக் கிழித்து, என் நாடாவுக்கு எதிர்ச் செடியில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன் கண்ணு, இங்க எதுக்குக் கட்டற?" என்றேன்.

"வேண்டுதல் அம்மா. ஏறும்போது நீங்க கட்டறது பாத்துச்சு, நானும் பண்ணுச்சு. மேலயும் ஒண்ணு கட்டுச்சு, மேகம் வந்துச்சு, பாதியில திரும்பிடுச்சு. உங்க செடியில கட்டக் கூடாது இல்ல? அதான் எதிர்ச் செடி" என்றாள்.

இவர் சிரித்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு ஏன் என்று புரியவில்லை. என் நாடாவை அவிழ்த்து அவள் கையில் கொடுத்து, "இது வேண்டுதலில்ல கண்ணு, வழி" என்றேன். அவள் அதை இழுத்துப் பார்த்துவிட்டு, "சிங்கிள் ஜெர்சி" என்றாள். அவளும் பனியன் கம்பெனியில் தைக்கிறவள்தான். பிறகு நான்கு பேரும் சேர்ந்தே இறங்கினோம். மேகத்தைத் தாண்டி அடிவாரத்துக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் நன்றாகவே இருந்தது.

பஸ் வந்தது. அவர் சும்மா கேட்பதுபோல் கேட்கவில்லை. "எனக்குப் போர்டு தெரியல புள்ள, படிச்சுச் சொல்லு" என்றார். எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னேன். உட்கார்ந்த பிறகு, "கண்ணுல பொரை விழுந்திருக்கும்போல. மூணு நாள் நடைக்கு முன்னால காட்டிரலாம்" என்றார். மகளிடமும் அவரே சொன்னார். ஆபரேஷன் முடிந்து இப்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குகிறார். மூன்று நாள் நடைக் கூட்டத்தில் இரண்டு பேர் பெயரும் கொடுத்தாகிவிட்டது.

இதில் ஏற்றம் எட்டு கிலோமீட்டர்தானா, அந்த மரம் ஊஞ்சமரம்தானா, நாடாக்கள் எத்தனை என்று மகள் அப்பாவிடம் கேட்டுத் திருத்திவிட வேண்டும். மூன்றாவது பிரிவில் அவர் என்னை விட்டுப் போய்த் திரும்பி வந்தது பதினொரு காலடி, நான் எண்ணினேன். அதை மட்டும் அவரிடம் கேட்க வேண்டாம், அவர் ஐந்து என்பார்.