பேசாத வத்தல்

போன வருடம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்களில், கப்பலில் ஏற வேண்டிய எங்கள் மிளகாய் வத்தல் மூன்றாவது முறையும் பரிசோதனையில் தோற்றது. ஈரத்தால் வருகிற பூஞ்சை நஞ்சு இருக்கிறதாம். இருபது வருடம் மசாலாக் கம்பெனிகளில் வேலை பார்த்து, ராமநாதபுரம் ஆலைக்கு மேலாளராக வந்தவன் நான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

தலைமை அலுவலகம் ஒரு கடிதம் அனுப்பியது. முதுகுளத்தூர்ப் பக்கத்து விவசாயிகளிடம் இனிமேல் வத்தல் வாங்குவதில்லை. திங்கட்கிழமைக்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும். வானத்தைப் பார்த்து விதைக்கிற ஜனங்கள். வருடத்துக்கு அந்த ஒரு மகசூல்தான். "ஆண்டவரே, யார் செய்த தப்பு என்று காட்டும்" என்று முழங்காலில் நின்றேன். ஒளிக்காமல் சொல்கிறேன், விவசாயிகளைத்தான் அவர் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மனசு உறுத்தாமல் கையெழுத்துப் போடலாமே!

சனிக்கிழமை காலை, நேரில் போய்ப் பார் என்று உள்ளே ஓர் ஏவுதல். போனேன். கருப்பையா என்ற விவசாயி களத்தில் வத்தல் காயப்போட்டிருந்தார். ஈரத்தோடு மூட்டை கட்டுகிறீர்களா என்று கேட்டதுதான் தாமதம், ஒரு குண்டு வத்தலை எடுத்து என் காதருகே ஆட்டினார்.

"பேசுதா சார்?"

உள்ளே விதைகள் கலகலவென்றன.

"காஞ்ச வத்தல் பேசும். ஊமையா இருந்தா நான் கட்டவே மாட்டேன். நீங்க இதையும் மெசின்ல வச்சுத்தான் கேப்பீக!"

இத்தனை வருட உத்தியோகத்தில் இது எனக்குத் தெரியாது. ஆலைக்குத் திரும்பியதும் சின்னப் பிள்ளைபோல் குடோனுக்குள் ஓடினேன். கருப்பையா சரக்கு என்று அட்டை தொங்கிய மூட்டையைப் பிரித்து ஒன்றை ஆட்டினேன். சத்தமில்லை. இன்னொன்று. அதுவும் ஊமை. அங்கே பேசிய வத்தல் இங்கே வந்து ஏன் வாயை மூடிக்கொண்டது?

தரம் பிரித்து மூட்டை கட்டுகிற பேச்சியக்காவிடம் கேட்டேன்.

"தண்ணி தெளிச்சுத்தான சார் கட்டுறோம்? இல்லாட்டி நொறுங்கிருமே."

"யாரு தெளிக்கச் சொன்னது?"

"நல்லாருக்கு போங்க! ஒரு வத்தல் உடைஞ்சாலும் வீட்டுக்குப் போயிருங்கன்னு இங்கன நின்னு கத்துனது யாரு? நாங்க வேற என்னத்தச் செய்ய?"

நான்தான். வந்த புதிதில் போட்ட சத்தம் அது. உடைசல் குறைந்ததென்று எனக்குப் பதவி உயர்வுகூடக் கிடைத்தது. எப்படிக் குறைந்தது என்று ஒரு நாளும் நான் கேட்கவில்லை.

அன்று மத்தியானமே அந்தக் கடிதத்தைக் கிழித்தேன். தப்பு என்னுடையது என்று எழுதி அனுப்பினேன். கொடுத்த உயர்வை எடுத்துக்கொண்டார்கள், வேலையை எடுக்கவில்லை. அதே ஊர்களின் புது வத்தலைத் தண்ணீர் தெளிக்காமல் கட்டி அனுப்பினோம். ஈஸ்டருக்கு அடுத்த வாரம் முடிவு வந்தது. தேறிவிட்டது! எல்லோரும் கைதட்ட, பேச்சியக்கா மட்டும், "இனி உடைஞ்சா வையமாட்டீகளே?" என்று உறுதி வாங்கிக்கொண்டார்.

யாரென்று காட்டச் சொன்னேன், ஆண்டவர் காட்டினார். அவருக்கே ஸ்தோத்திரம். உங்களுக்கும் விளங்காத காரியம் இருந்தால் அவரிடமே கேளுங்கள். பதில் உங்கள் பக்கமே திரும்பினாலும் பயப்படாதீர்கள், கைவிடமாட்டார்.

எங்கள் குடோனில் இப்போது உடைசல் அதிகம்தான். காலை ஜெபம் முடித்து உள்ளே போனதும் ஒரு வத்தலைக் காதருகே ஆட்டுகிறேன். பேசுகிறது.