ஐஸ் வைக்கத் தெரியாத அபூபக்கர்

ஆளைப் புகழ்ந்து காரியம் சாதிப்பவனை ஐஸ் வைக்கிறான் என்போம். அந்த வித்தை துளியும் தெரியாத ஒருவருக்குத்தான் காரைக்குடியில் ஐஸ் பாய் என்று பேர். முழுப்பேர் அபூபக்கர். ஐஸ் கம்பெனியில் வேலை. முதலாளி புதுச்சட்டை போட்டுவந்து எப்படி இருக்கு என்று கேட்டாராம். "வயித்துல இறுக்குது" என்றாராம் இவர். அப்படிப்பட்டவருக்குச் சம்பளம் எங்கே உயரும்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் நான் ரயிலடிப் பக்கம் சர்பத் கடை போட்டேன். கம்பெனி கூப்பிடு தூரம். மரத்தூள் ஒட்டிய ஐஸ் பாளத்தைச் சாக்குப்போட்ட தோளில் சுமந்து, கையில் இரும்புக் கொக்கியோடு தினமும் காலையில் வருவார். அந்த ஆறடி உயரத்துக்கும் மீசையில்லாத தாடிக்கும், எங்கள் கருப்பர் அரிவாளைப் போட்டுவிட்டுக் கொக்கியை எடுத்துக்கொண்டு வருகிறமாதிரி இருக்கும். நான் கொடுக்கிற முதல் கிளாஸ் சர்பத்தைக் குடித்துவிட்டு, "சீனி பத்தலை சுந்தரம்" என்பார். பதினொரு வருஷம் தினமும் அதையேதான் சொன்னார். இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை. எல்லாரும் நல்லா இருக்கு என்கிறார்கள், எனக்குத்தான் நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது.

அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. செட்டிநாட்டில் பாதி வீட்டுப் பிள்ளைகள் அப்போது மலேயாவில் இருந்தார்கள். பெரியவர் யாராவது தவறிவிட்டால், கொள்ளிவைக்க மூத்த பிள்ளை வந்து சேரும்வரை உடம்பைக் காத்து வைக்கவேண்டும். கல்லலிலிருந்து தேவகோட்டைவரை அதற்கு ஐஸ் பாய்தான். பெஞ்சைச் சுற்றிப் பாளங்களை அடுக்கி, உமியும் சாக்கும் போட்டு மூடி, தண்ணீர் வடியக் கால்வாய் கட்டுவார். அதெல்லாம் யாரும் செய்வார்கள். இவர் துண்டும் கையுமாகத் தலைமாட்டிலேயே உட்கார்ந்து, முகத்தில் ஈரம் படியப் படிய ஒற்றி எடுப்பார். "வாரவுக பாக்கப்போறது மொகத்தைத்தானே" என்பார்.

அறுபத்தெட்டில் தேவகோட்டையில் சீதை ஆச்சி இறந்தபோது நானும் போயிருந்தேன். மகன் முத்தப்பன் பினாங்கிலிருந்து வர இரண்டரை நாள் ஆனது. வீடே அலறுகிறது, பாய் மட்டும் கண்ணில் பொட்டு ஈரம் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். முத்தப்பன் வந்து, தாயின் முகத்தைப் பார்த்து, "தூங்குறமாதிரியே இருக்காகளே பாய்" என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டு கதறினார். பாய் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார். "பாத்துட்டீகள்ல. அப்ப நான் வாரேன்" என்று கொக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், உமக்கு நெஞ்சில் இருப்பது சதையா, பாளமா என்று. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எழுபத்து நாலு சித்திரையில் அவர் மனைவி ஷரபுன்னிசா படுத்த படுக்கையானார். ஒரே மகன் ஜெகபர் சாதிக் பினாங்கில் ஒரு கடையில் இருந்தான். தந்தி போயிற்று. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை விடிந்ததும் அந்த அம்மாள் போய்விட்டார். நான் அவர் வீட்டுக்கு ஓடியபோதுதான் மகனின் தந்தியும் வந்தது. மெட்ராசில் இறங்கிவிட்டான், மறுநாள் காலை ரயிலில் காரைக்குடி. ஒரே ஒரு ராத்திரிதான் இடையில்.

நான் யாரையும் கேட்கவில்லை. நேரே கம்பெனிக்குப் போய் எட்டுப் பாளம் ஏற்றி, கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். அவர்கள் வழக்கத்தில் அன்றன்றே அடக்கம் செய்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் இந்த ஊரில் பிள்ளை வருகிறான் என்றால் ஐஸ் வாங்கத்தானே கால் ஓடும்? எனக்கும் ஓடிவிட்டது.

பாய் வெளியே வந்தார். அம்மாளின் அண்ணன் மீரான் சாகிபு அவரிடம் போய்த் தணிந்த குரலில், "மச்சான், காலையில வந்துருவான். ஒரு ராத்திரி வச்சா யாரும் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. உங்க இஷ்டம்" என்றார்.

பாய் சாக்கை விலக்கிப் பாளத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை. விரலிடுக்கில் தண்ணீர் வழிந்து முழங்கைவரை இறங்கிற்று. கடைசியில் கையை எடுத்துக் கைலியில் துடைத்துக்கொண்டார்.

"எறக்க வேணாம் சுந்தரம். சாயங்காலம் அசர் தொழுகைக்கே எடுத்துருவோம். இதை ஒடச்சுத் தண்ணிப்பானையில போடுங்க, சனம் வெயில்ல நிக்குது."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஊரார் தாய்க்கெல்லாம் காவல் இருந்த மனிதர், பெற்ற பிள்ளைக்கு ஒரு ராத்திரி கொடுக்கமாட்டாரா? அடக்கம் முடியும்வரை அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றும் அவர் அழவில்லை, அது வேறு எனக்கு எரிச்சல்.

மறுநாள் காலை அவரோடு ஸ்டேஷனுக்குப் போனேன். கோபம் கோபமாகவே இருந்தது, இருந்தாலும் தனியே விட மனமில்லை. சாதிக் இறங்கினான். தகப்பன் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது. "எப்ப அத்தா?" என்றான். நேற்று விடியக்காலை, அசருக்கு அடக்கம் பண்ணிவிட்டோம் என்று சொன்னார். பெட்டியைக் கீழே போட்டுவிட்டான்.

"ஊர்ல உள்ள அம்மாவுக்கெல்லாம் ஐஸ் வச்சீகளே அத்தா. எங்கம்மா மொகத்தை எனக்கு வச்சிருக்கக் கூடாதா?"

பிளாட்பாரத்தில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஜமாஅத், மார்க்கம் என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் தன் வலது உள்ளங்கையை மகன் முன்னால் நீட்டினார்.

"மாமன் வைக்கச் சொன்னாருடா. சுந்தரம் கொண்டாந்து வாசல்லயே நிறுத்திட்டாரு. நானும் வைக்கலாம்னுதான் கையை வச்சுப் பாத்தேன். இருவது வருசமா இந்தக் கைக்குக் குளுரே தெரியாது. நேத்துத்தான் தெரிஞ்சுச்சு. அவ மார்கழியில கெணத்துத் தண்ணிய மேல ஊத்தவே நடுங்குவாளேடா. இதுக்குள்ள எப்புடி அவளை ராத்திரி பூரா படுக்கவைப்பேன்? எனக்கு மனசு வரலைடா சாதிக்."

சொல்லி முடிக்குமுன்பே அவர் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. அவ்வளவு பெரிய ஆள், அப்படியே சரிந்து மகனின் பெட்டிமேல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சத்தம்போட்டு அழுதார். சாதிக் கீழே குந்தி, அந்தக் கைகளை முகத்திலிருந்து எடுத்து, தன் கைகளுக்குள் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டான்.