கடிகாரத் துரை வந்த மூன்று நாள்

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஏன் பேசாமல் படுத்துவிடுகிறார் என்று அம்மாவிடம் கேட்டீர்களாம். எழுதியே சொல்கிறேன், பிள்ளைகளா. வாயால் சொன்னால் பாதியில் தூங்கிவிடுவேன்.

ஆலையில் அப்போதெல்லாம் ஓர் ஆளுக்கு இரண்டு தறி. முதலாளிமார்களுக்கு யோசனை சொல்வதையே தொழிலாக வைத்திருக்கும் கம்பெனிகள் சீமையில் இருக்கின்றனவாம். அப்படி ஒரு கம்பெனியிலிருந்து ஒரு துரை வந்தார். அவர் கையில் ஒரு கடிகாரம். அமுக்கினால் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும். அறுந்த நூலை முடிச்சுப் போட எவ்வளவு நேரம், தறியில் குறுக்கே ஓடும் நாடாவில் நூல் சுற்றிய தார் மாற்ற எவ்வளவு நேரம் என்று மூன்று நாள் என் தறியருகே நின்று குறித்துக்கொண்டார்.

பெரிய மனிதர் பார்க்க வருகிறார் என்றால் சும்மா இருக்க முடியுமா? விருந்தாளி வரும் வீடு மாதிரி ஆக்கிவிட்டேன். சங்கு ஊதுமுன்பே போய்த் தறியைத் துடைத்து எண்ணெய் விட்டேன். தார்களைக் கைக்கெட்டும்படி அடுக்கினேன். தண்ணீர் குடிக்கக்கூட நகரவில்லை.

பக்கத்துத் தறிக்காரர் என்னைவிட மூத்தவர். எனக்கு வேலை பழக்கிக் கொடுத்ததே அவர்தான். தறிச் சத்தத்தில் என் காதருகே வந்து கத்தினார்.

"யோவ், துரை என்ன உனக்குப் பொண்ணு கொடுக்கவா வந்திருக்கார்? மெல்லச் செய்யய்யா!"

"நாம சோம்பேறின்னு எழுதிடக்கூடாதில்ல, அண்ணா."

"அவர் என்ன எழுதப்போறார்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. போகும்போது துரை என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அன்று மைசூர்பாகு வாங்கி வந்தேனே, அதற்காகத்தான்.

அடுத்த மாதம் ஆலை வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். இனி ஓர் ஆளுக்கு நான்கு தறி. வேலை போனவர்களின் பெயர்கள் கீழே இருந்தன. அண்ணாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துக் காட்டினேன். அவர் பெயர் வந்ததும் நிறுத்திவிட்டேன்.

"சரி, விடு," என்றார்.

அவருடைய இரண்டு தறிகளும் இப்போது என் கையில். மூன்று நாள் ஓடிய ஓட்டத்தைத் தினமும் ஓடுகிறேன். அந்த வேகம் துரை கற்பித்ததல்ல, நான் காட்டியது.

போன ஞாயிற்றுக்கிழமை லிங்கராஜபுரத்தில் அண்ணாவைப் பார்த்தேன். விறகு மண்டியில் கட்டை பிளக்கிறார். நான் ஒதுங்கப் பார்த்தேன். அவரே கூப்பிட்டார்.

"எத்தனை தறி?"

"நாலு, அண்ணா."

கோடரியைச் சாய்த்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"தண்ணியாவது குடிக்க விடுறாங்களா?"